பூட்ஸ், பந்து, பை: கல்லூரி கால்பந்து கேள்வி-பதில்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நெருங்குவதால் இந்த இதழில் கால்பந்து மட்டும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கல்லூரி திறந்ததும் அணி எடுத்தால், முதல் மேட்சுக்கு எட்டு வாரம்தான் கிடைக்கிறது. தினமும் மாலை ஐந்து மணிக்கு இரண்டாகப் பிரிந்து மேட்ச் ஆடுகிறோம். ஆனாலும் போட்டியில் 60 நிமிடம் தாண்டினால் நாலைந்து பேருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. உப்பு குறைவா?
— அணித் தலைவர், அஸ்தம்பட்டி

உப்பை மட்டும் குறை சொல்ல முடியாது தம்பி. பழக்கமில்லாத வேகத்தில் ஓடிக் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் தினமும் ஆடும் மேட்சில் பந்து வெளியே போனால் எல்லாரும் நின்று பேசுகிறீர்கள், கோல் விழுந்தால் தண்ணீர் குடிக்கிறீர்கள். போட்டியில் அந்த ஓய்வு கிடையாது. சும்மா மேட்ச் ஆடுவது ஆட்டத்தைப் பழக்கும், காலைப் பழக்காது.

எட்டு வாரம் தாராளம். முதல் மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள் போதும். அதில் இரண்டு நாள், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 25 முதல் 30 நிமிடம். மற்ற இரண்டு நாள் பந்தோடு பாஸிங், ட்ராப்பிங் (வரும் பந்தைக் காலில் அடக்கி நிறுத்துவது). நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை வாரம் இருமுறை கடினமான ஓட்டம்: 4 நிமிடம் பேச முடியாத வேகத்தில், பிறகு 3 நிமிடம் மெல்ல, இப்படி நான்கு சுற்று. வெறுமனே ஓட அலுத்தால் 30க்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு ஆடலாம். பந்து வெளியே போனதும் கோச் அடுத்த பந்தை உள்ளே எறிய வேண்டும். நின்றுவிட்டால் பலன் பாதி போச்சு. ஏழாம் வாரம் வெளி அணியோடு முழு 90 நிமிட ஆட்டம் இரண்டு. எட்டாம் வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இந்தக் கடைசி வாரத்தில்தான் பல அணிகள் பயந்துபோய் இரட்டிப்பாக ஓடவிட்டு, கனத்த காலோடு முதல் மேட்சுக்கு வருகின்றன.

வார்ம்-அப்புக்கு மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, உட்கார்ந்து காலை நீட்டிக் கட்டைவிரலைத் தொடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ என்ற 20 நிமிட முறை இருக்கிறது: 8 நிமிடம் மெது ஓட்டம், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலைப் பயிற்சி, 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இருமுறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலுள்ள ஒரு பயிற்சி பின்தொடைக்கு: முட்டி போட்டு நிற்க, தோழன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை மட்டும். மறுநாள் நடக்கவே வலிக்கும், அது வழக்கம்தான். ஆனால் அதையே மேட்ச் வாரத்தில் புதிதாகத் தொடங்கினால் உங்கள் விங்கர் பெஞ்சில்தான்.

ஆன்லைனில் நல்ல ஸ்டட் பூட்ஸ் வாங்கினேன். எங்கள் கிரவுண்டில் அரைமணி ஆடினால் குதிகால் எரிகிறது, உள்ளங்காலில் கொப்புளம். சைஸ் சரிதான். — பி.காம். மாணவர், அம்மாபேட்டை

சைஸ் சரி, அடிப்பாகம்தான் தப்பு. பெட்டியில் எஃப்.ஜி. என்று போட்டிருக்கும். அது ஸ்டட் (அடியில் உள்ள முளைகள்) மண்ணில் இறங்கக்கூடிய, புல் உள்ள தரைக்கானது. நம் பக்கத்துக் கல்லூரி மைதானங்கள் பலவற்றில் செம்மண் இறுகிக் கிடக்கிறது, புல் ஓரத்தில்தான். அங்கே ஸ்டட் இறங்காது. உடம்பின் எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு முனைகளில் நிற்கும். அதுதான் எரிச்சல். சட்டென்று திரும்பும்போது கணுக்கால் மடங்குவதும் இதனால்தான். இறுகிய தரைக்கு டி.எஃப். என்று போட்ட, குட்டிக் குட்டி ரப்பர் முளைகள் நிறைய உள்ள பூட்ஸ் வாங்குங்கள். அக்டோபர் மழையில் மண் குழம்பும்போது அது வழுக்கும்; அப்போது உங்கள் பழைய ஸ்டட் உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போது மாலையில் போய், ஆட்டத்துக்குப் போடும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் கொஞ்சம் பெருத்திருக்கும். புது பூட்ஸை நேராக மேட்சுக்குப் போடக் கூடாது. பயிற்சியில் அரைமணி அரைமணியாக ஐந்தாறு நாள் பழக்க வேண்டும். விலை குறைந்த பூட்ஸில் முதலில் விடுவது மூக்குப் பக்கம் அடிப்பாகம். பசை போட்டு ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். வாங்கிய கையோடு செருப்பு தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலில் சுற்றுத் தையல் போட்டுவிட்டால் சீசன் முழுக்கத் தாங்கும். நனைந்த பூட்ஸை வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள்.

எங்கள் கல்லூரியில் போட்டி நடத்துகிறோம். மைதானம் 100க்கு 64 மீட்டர். ஒவ்வொரு முறையும் கோடு கோணலாகிவிடுகிறது. சுண்ணாம்புப் பொடி போடலாமா? எவ்வளவு வேண்டும்? — உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்

பொடிக் கேள்விக்கு முதலில் பதில்: சுண்ணாம்பு வேண்டாம் ஐயா. நீற்றிய சுண்ணாம்புகூட வியர்வையோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். கீப்பர் விழுந்து கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூட்டைக் கணக்கில் கிடைக்கும் கல் கோலமாவு போதும்.

கோணல் வருவதற்குப் பெரும்பாலும் நைலான் கயிறுதான் காரணம். இழுத்தால் நீளும், காலையில் ஒரு நீளம், வெயில் ஏறியபின் வேறு நீளம். அளக்க ஸ்டீல் டேப்பையே வையுங்கள், கயிறு கோட்டுக்கு மட்டும். முதலில் ஒரு பக்கக் கோட்டில் 100 மீட்டருக்கு ஆணி அடியுங்கள். மூலையிலிருந்து அந்தக் கோட்டில் 16 மீட்டர், கோல் கோடு வர வேண்டிய திசையில் 12 மீட்டர். இரண்டு முனைகளுக்கும் நடுவே சரியாக 20 மீட்டர் இருந்தால் மூலை செங்கோணம். நான்கு மூலையும் ஊன்றியபின் குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 118 மீட்டர் 73 சென்டிமீட்டர் வர வேண்டும். இரண்டும் வேறு வேறு என்றால் மாவு போடத் தொடங்காதீர்கள்.

அடுத்து கோல். கம்பங்களின் உள்பக்கம் 7.32 மீட்டர், குறுக்குக் கம்பியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.44. உயரத்தை நடுவிலும் அளங்கள். பழைய குழாய் நடுவில் தொய்ந்திருக்கும். அல்லது கீப்பர் நிற்கும் இடம் பள்ளமாகி உயரம் கூடியிருக்கும். அந்தப் பள்ளத்தை முதல் நாளே செம்மண் போட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குங்கள். மேட்ச் அன்று காலையில் கொட்டிய மண்ணில் கீப்பர் முழங்கால் வரை அழுக்காவதோடு சரி, கால் நிற்காது.

பெனால்டி பாக்ஸில்தான் பலர் தவறுகிறார்கள். 16.5 மீட்டரைக் கோலின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது, கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அப்போது பாக்ஸின் அகலம் 40.32 வரும். சின்ன பாக்ஸுக்கு 5.5 மீட்டர், அகலம் 18.32. பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். பாக்ஸுக்கு வெளியே வரும் அரைவட்ட வளைவுக்கு ஆணி அடிக்க வேண்டிய இடம் அந்தப் புள்ளி, பாக்ஸின் கோடு அல்ல, ஆரம் 9.15. நடு வட்டத்துக்கும் அதே 9.15 தான், ஆகவே ஒரே டேப் அளவில் மூன்றையும் முடித்துவிடலாம். மூலை வளைவு 1 மீட்டர், கொடிக்கம்பு குறைந்தது 1.5 மீட்டர் உயரம், முனை கூராக இருக்கக் கூடாது.

எல்லாக் கோடுகளையும் கூட்டினால் உங்கள் மைதானத்தில் சுமார் 690 மீட்டர் வரும். மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 70 கிலோ. கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோல் கோடு கம்பத்தின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

நாக்-அவுட் போட்டிக்கு 11 அணிகள் பதிவாகியிருக்கின்றன. ‘பை’ (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வருகிறது. — விளையாட்டுச் செயலர், ஆத்தூர்

கணக்கு சொல்லும் இடத்தில் சண்டைக்கு வேலையில்லை. 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் எண்களில் 11க்கு அடுத்து மேலே வருவது 16. 16லிருந்து 11 போனால் 5. ஆக ஐந்து பை. முதல் சுற்றில் 6 அணிகள், 3 ஆட்டங்கள். மொத்த ஆட்டங்கள் எப்போதும் அணி எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதாவது 10.

சீட்டு எடுத்து 1 முதல் 11 வரை எண் கொடுங்கள். மேல் பாதியில் 6 அணி, கீழ்ப் பாதியில் 5. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசிக்கு (11), இரண்டாவது மேல் பாதியின் முதலுக்கு (1), மூன்றாவது கீழ்ப் பாதியின் முதலுக்கு (7), நான்காவது மேல் பாதியின் கடைசிக்கு (6), ஐந்தாவது மறுபடி கீழ்ப் பாதியில் கடைசிக்கு முந்தையதற்கு (10). மிச்சம் 2-3, 4-5, 8-9 மோதும். போன ஆண்டு வென்ற அணியையும் இரண்டாம் இடத்தையும் எதிரெதிர் பாதியில் முன்கூட்டியே வைப்பதாக இருந்தால், சீட்டு எடுப்பதற்கு முன் எல்லாக் கல்லூரியாரிடமும் சொல்லிவிடுங்கள். எடுத்தபின் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போட்டிக்கு முந்தின வாரம் ஏற்காட்டில் முகாம் போட்டால் மூச்சு கூடுமா? போன முறை அங்கே ஆடியபோது பந்து ரொம்பத் துள்ளியது. — அணி மேலாளர், செவ்வாய்ப்பேட்டை

மூச்சு கூடாது. உயரத்தால் ரத்தத்தில் மாற்றம் வர, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரமாவது தங்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. ஏற்காட்டின் நன்மை குளிர்ச்சி. கீழே மாலையில் செய்ய முடியாத கடின ஓட்டத்தை அங்கே முழு வேகத்தில் செய்யலாம். ஆகவே சீசன் தொடக்கத்தில் முகாம் போடுங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம். சேலத்து வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகிறது; குளிரில் இருந்தால் அந்தப் பழக்கம் மெல்லக் கழன்றுவிடும். மலையிலிருந்து நேராக இறங்கி இரண்டரை மணி வெயிலில் ஆடினால் முதல் பாதியிலேயே தெரியும்.

இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் இறங்கி ஓடும் வேலை வேண்டவே வேண்டாம். வண்டி ஒருபுறம், இறக்கத்தில் ஓடினால் முன்தொடை நான்கு நாள் விறைத்துக்கிடக்கும்.

பந்து துள்ளியதற்குக் காரணம் காற்றழுத்தம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. குளிரில் பந்துக்குள் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும், கீழே அடித்த பந்து மேலே கிட்டத்தட்ட ஒரு பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காட்டும். விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம், இறுகிய தரைக்கு 9 போதும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு ஆகாது, அழுத்தம் காட்டும் கேஜ் வாங்குங்கள். ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் தடவிக் குத்துங்கள். கையால் தைத்த விலை உயர்ந்த பந்து செம்மண்ணில் தையல் தேய்ந்து இரண்டே மாதத்தில் முட்டை வடிவமாகும். பயிற்சிக்கு ரப்பர் மோல்டு பந்து, மேட்சுக்குத் தைத்த பந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்கள். பத்து நாளில் செமிஃபைனல். — ஒரு தாய், கன்னங்குறிச்சி

முதல் மூன்று நாள் உருவவே வேண்டாம் அம்மா. உள்ளே கிழிந்த நாரில் கசியும் ரத்தம் அதனால் கூடும். சூட்டு ஒத்தடமும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜ் விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை.

எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அடிபட்டவுடனும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் உள்ளும் புறமும் உள்ள மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பத்து நாள் என்பது லேசான பிசகுக்குத்தான் போதும். ஆடலாமா என்பதைக் காலண்டர் சொல்லாது, கால்தான் சொல்லும்: அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நிற்க வேண்டும், அதே காலில் பத்து முறை குதிக்க வேண்டும், வேகமாக ஓடி எட்டுப் போட்டுத் திரும்ப வேண்டும். இதில் எதிலாவது முகம் சுளித்தால் செமிஃபைனலைப் பையன் வெளியிலிருந்து பார்க்கட்டும். கோச் கெஞ்சினாலும் சரி.

மகளிர் அணியில் மூன்று பேர் அரைமணியிலேயே மூச்சு வாங்கி நிற்கிறார்கள். சோம்பல் என்கிறார்கள். — அணித் தலைவி, வாழப்பாடி

சோம்பல் என்று சொல்லும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள் தங்கச்சி. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மாதவிடாயில் ரத்தம் போகிறது, காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துப் பஸ் பிடிக்கிறார்கள், பிறகு ஒரு மணி நேரம் ஓட்டம். குறையாமல் என்ன செய்யும்? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடட்டும். காபி, டீ முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது கூடாது, அவை சத்தை உடம்பில் ஏறவிடாது. சரியாவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அவர்களை 90 நிமிடம் ஆடவிடாதீர்கள்.

ஒரே நாளில் இரண்டு மேட்ச் வந்தால் நடுவில் என்ன சாப்பிடுவது? — சூரமங்கலம்

முதல் ஆட்டம் முடிந்த அரைமணிக்குள் அரை லிட்டர் நீரும் இரண்டு வாழைப்பழமும். மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் உடனே நாலு இட்லி அல்லது அளவாகத் தயிர்சாதம். அதற்குமேல் வெறும் வயிறும் ஆகாது, முழு வயிறும் ஆகாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. தட்டுவடை செட் ஆசை இருந்தால் கடைசி விசிலுக்குப் பிறகு.

கீப்பர் பந்தைக் கையிலேயே வைத்திருந்தார் என்று, புது விதி ஒன்றைச் சொல்லி எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிட்டார் ரெஃபரி. சரியா? சமநிலையில் பெனால்டி அடிப்பவர் வரிசையை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டுமா? — கொண்டலாம்பட்டி

சரிதான். 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை ரெஃபரி கை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். முன்பு 6 விநாடி, மறைமுக ஃப்ரீ கிக். ஆனால் பெரும்பாலும் யாரும் விசில் ஊதியதில்லை. உங்கள் கீப்பரைப் பயிற்சியிலேயே ஐந்து எண்ணுவதற்குள் பந்தை விடப் பழக்குங்கள்.

வரிசையை ரெஃபரியிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்கள்தான் அடிக்க முடியும். எதிரணி சிவப்பு அட்டையால் பத்துப் பேராகியிருந்தால் நீங்களும் ஒருவரைக் கழித்துப் பத்தாக வேண்டும். மோசமாக அடிப்பவரைக் கழிக்கலாம், அதில் தடையில்லை. எதிரணி அடிக்கும்போது கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகிறேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? — மேட்டூர்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள், கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட் (அங்கே படிப்பதற்கான சான்று), அடையாள அட்டை, கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் அளவு படங்கள். எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வயதை ஜூலை 1-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். பெயரின் இனிஷியல் ஒரு சான்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே கல்லூரி அலுவலகத்தில் கடிதம் வாங்கி வையுங்கள். ஓ.டி. (கல்லூரி சார்பில் வெளியே போவதற்கான அனுமதி) கடிதத்தைப் போவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகுதான் அந்தக் கடிதம் தேடப்படும். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடும் மறக்காதீர்கள். அது இல்லாமல் களத்தில் இறக்க மாட்டார்கள்.